மூட்டாத கைலி

சிமுல்ஹாட்டிக் கடைத்தெருவில் என்னைவிட நன்றாகத் தைக்கிற ஆள் அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது. கடைப் பலகையில் இருந்தது என்னவோ என் கணவர் இத்ரிஸின் பெயர். முன்பக்கம் உட்கார்ந்து அளவெடுப்பது, துணி வெட்டுவது, வந்தவர்களோடு ஊர்வம்பு பேசுவது எல்லாம் அவர் வேலை. திரைக்குப் பின்னால் மெஷின் மிதிப்பது என் வேலை. மதுமதி ஆற்றங்கரையில் இத்ரிஸ் தையலுக்கு ஒரு பேர் இருந்தது என்றால் அது என் காலால் வந்த பேர். அவருக்கும் அது தெரியும். வெளியே சொல்ல மாட்டார், வீட்டுக்குள் வந்து சொல்வார்.

எழுபத்தொன்றாம் வருஷம் மார்ச் மாதத்தில் கொடி தைத்ததும் நான்தான். பச்சைத் துணி, நடுவில் சிவப்பு வட்டம், வட்டத்துக்குள் மஞ்சளில் நம் வங்கத்தின் படம். அந்தப் படம் இருக்கிறதே, அது உயிரை வாங்கிவிட்டது. தெற்கே கடலோரம் முழுக்க எலி கடித்த துணி மாதிரி அத்தனை வளைவு, அத்தனை முகத்துவாரம். மற்ற ஊர்களில் ஏதோ கத்தரிக்காய் மாதிரி ஒன்றை வெட்டி ஒட்டிவிட்டு ‘ஜோய் பங்களா’, வங்கம் வெல்க, என்று கத்தினார்கள். நான் பள்ளிக்கூடத்து வரைபடத்தை வாங்கிவந்து, தாள் வைத்து நகலெடுத்து, ஒவ்வொரு முனையையும் மடித்துத் தைத்தேன். பதினாறு கொடி. பாகிஸ்தான் ராணுவம் ஊருக்குள் வந்ததும் பதினைந்தைப் பானையில் போட்டுப் புதைத்தோம். ஒன்று காணாமல் போனது.

காணாமல் போனது நவம்பரில் ஒரு காலையில் கிடைத்தது. படகுத்துறை இலவமரத்தின் உச்சியில் பறந்துகொண்டிருந்தது. யார் வேலை என்று எனக்குத் தெரியும். கிப்ரியா, இவருடைய சித்தப்பா மகன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவன் விடுதலைப் படையில் சேர்ந்து பன்னிரண்டு பையன்களுக்குத் தலைவனாகியிருந்தான். தலைவன் ஆனால் போதுமா, அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

உயர்நிலைப் பள்ளியில் முகாம் போட்டிருந்த கேப்டன் அந்தக் கொடியை இறக்கி, தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நேராக எங்கள் கடைக்கு வந்தான். அவ்வளவு நன்றாகத் தைத்தது என் தப்பு. கத்தரிக்காய் மாதிரி தைத்திருந்தால் எந்த ஊர் என்றே தெரிந்திருக்காது.

நான் திரையை விலக்கிக்கொண்டு எழுந்தேன். அதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

“நான் தைச்சதுங்க. இந்தக் கடையில நான் ஒருத்தன்தான்.”

அதோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதே நாள் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரையும், மீன் பிடிக்கிறவர் ஒருவரையும் பிடித்தார்கள். மூன்று பேரையும் முகாமில் வைக்கவில்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நாலு நாள் கழித்துக் கேப்டனுக்குக் கால்சட்டை கிழிந்தது. ஊரில் இருந்த ஒரே தையல்காரனை நாமேதான் பிடித்து அடைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நான் முன்பக்கம் வந்து உட்கார்ந்தேன். “எனக்கும் கொஞ்சம் வரும், அவரைப் பாத்துக் கத்துக்கிட்டது” என்றேன். பொய்யில் இதைவிடக் கசந்த பொய் நான் சொன்னதில்லை. ஆனால் கணக்கு எளிது: அவன் துணி என் கையில் இருக்கிறவரை, என் ஆள் அவன் கையில் உயிரோடு இருப்பார். ஒவ்வொரு தடவை துணி வாங்க வரும் சுபேதாரிடமும் கேட்பேன், “அவர் எப்படி இருக்கார்?” அவன் “நல்லா இருக்கான்” என்பான். எங்கே என்று கேட்டால் சிரிப்பான்.

பக்கத்து வீட்டு ஆம்பியாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியவில்லை. குளத்தில் பாத்திரம் தேய்க்கும்போது நாலு பேர் காதில் விழுகிற மாதிரி கேட்பாள்.

“என்னடி மனோவாரா, இன்னைக்குப் பஞ்சாபிப் பட்டாளத்துக்கு எத்தனை பட்டன் வெச்சே?”

“உன் வாய்க்கு ஒண்ணு வைக்கணும்னு எடுத்து வெச்சிருக்கேன், வா” என்பேன். வீட்டுக்கு வந்து அழுவேன். அது வேறு.

டிசம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. நாலே நாளில் ஜெஸ்ஸோர் நகரம் விழுந்துவிட்டது என்று சுதந்திர வங்க வானொலி சொன்னது. மேற்கே குண்டுச் சத்தம் வீட்டுப் பானைகளை ஆட்டியது. முகாமோடு ஒட்டிக்கொண்டிருந்த உள்ளூர் ரஜாக்கர்கள், ஒன்பது மாதமாக நம்மையே மிரட்டித் தின்ற கூலிப்படை, அன்றைக்கே துப்பாக்கியைக் குளத்தில் போட்டுவிட்டு மாமியார் வீட்டைத் தேடிப் போனார்கள். முகாமில் மிச்சம் கேப்டன், சுபேதார், ஏழு சிப்பாய்கள். ஒன்பது பேருமே மேற்குப் பாகிஸ்தான்காரர்கள். பக்கத்தில் வைத்துக்கொள்ள ஒரு வங்காளி கூட இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சுபேதார் ஒரு துணிச் சுருளையும் ஒரு மூட்டை பழைய சட்டைகளையும் கொண்டுவந்து மேஜையில் போட்டான். அவனுக்கு நம் மொழி அரையும் குறையும்தான்.

“இது வெட்டு. ஒம்பது. ஓரம் அடி. சட்டை பெரிசு பண்ணு. மத்தியானம் வேணும்.”

சுருளைப் பிரித்தேன். கட்டம் போட்ட கைலித் துணி, தறியிலிருந்து வந்தபடியே வெட்டாமல் இருந்தது. ஏதோ பூட்டிய கடையை உடைத்து எடுத்திருக்கிறார்கள். சட்டைகள் கூலிக்காரர்கள் போடுகிற சட்டைகள். எனக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை புரிந்துகொள்ள. காலையில் கொல்லன் பட்டறையில் ஒன்பது அறுப்பு அரிவாள் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று ஆம்பியா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். இது நெல் அறுப்புக் காலம். ஆற்றுக்கு அக்கரையில் அறுப்பு வேலைக்குத் தினம் விடிந்ததும் நூறு கூலி ஆட்கள் கும்பல் கும்பலாகப் படகில் போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் இன்னொரு கும்பலாகக் கலந்து ஓடப் போகிறார்கள்.

“அப்ப என் வீட்டுக்காரர்?” என்றேன்.

“நல்லா இருக்கான்.”

“நீங்க போயிட்டா அவருக்குச் சோறு தண்ணி யார் குடுப்பா?”

“யார் போறா?” என்றான் சட்டென்று. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தான். “மத்தியானம் வேணும்” என்று மறுபடி சொல்லிவிட்டுப் போனான்.

பூட்டின பூட்டைத் திறக்காமல் இவர்கள் ஓடிவிட்டால், எந்தச் சுவருக்குள் போய் நான் அவரைத் தேடுவேன்? தண்ணீர் இல்லாமல் ஒரு மனுஷன் எத்தனை நாள் கிடப்பான்? ஊரைச் சுற்றி இடிந்த கட்டிடம், சணல் கிடங்கு, செங்கல் சூளை என்று நாற்பது இடம் இருக்கிறது. ஒவ்வொன்றாகத் தேடி முடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

அழுதுகொண்டே துணியை ஒன்பதாக வெட்டினேன். முதல் துண்டை எடுத்தேன், ஓரம் அடித்தேன். கை தானாக இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து மூட்டுவதற்கு ஊசிக்கடியில் கொண்டுபோனது. இருபது வருஷப் பழக்கம். கால் மிதிக்கப் போன நேரத்தில்தான் அந்த ஆள் என்ன சொன்னான் என்பது காதில் மறுபடி விழுந்தது. வெட்டு, ஓரம் அடி என்றான். மூட்டு என்று சொல்லவே இல்லை.

நம் ஊரில் மூட்டாத கைலியைப் பிச்சைக்காரன்கூடக் கட்ட மாட்டான். இரண்டு முனையும் சேர்ந்து குழாய் மாதிரி இருந்தால்தான் அது கைலி. உள்ளே நுழைந்து, சுருக்கி, முடிச்சுப் போட்டால் வயலில் இறங்கலாம், படகு தள்ளலாம், மரம் ஏறலாம். அவர்கள் ஊரில் அப்படி இல்லை. அங்கே மூட்டாத துணியைத்தான் இடுப்பில் சுற்றி முன்னால் செருகுவார்கள். முகாமில் சிப்பாய்கள் குளித்துவிட்டுக் கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். நடக்கும்போது முன்பக்கம் வாசல் கதவு மாதிரி திறந்து திறந்து மூடும். பக்கத்தில் ஒரே ஒரு ரஜாக்கர் இருந்திருந்தால் “ஐயா, இதை மூட்டணும்” என்று சொல்லியிருப்பான். அவன்தான் மாமியார் வீட்டில் இருக்கிறானே!

காலை மெஷினிலிருந்து எடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒன்பதையும் ஓரம் மட்டும் அடித்து, தண்ணீரில் நனைத்து, சாம்பலில் புரட்டி, பழசு மாதிரி ஆக்கி மடித்து வைத்தேன். அவ்வளவு அக்கறையாக நான் கேப்டனின் கால்சட்டையைக்கூடத் தைத்ததில்லை.

மத்தியானம் சுபேதார் வந்து ஒன்றை எடுத்து உதறினான். கால்சட்டைக்கு மேலேயே இடுப்பில் சுற்றிப் பார்த்தான். முன்பக்கம் இரண்டு முனையையும் கொண்டுவந்து செருகி, இரண்டு அடி நடந்தான்.

“சபாஷ்” என்றான். “எங்க ஊர் மாதிரியே இருக்கு.”

“எல்லா ஊர்லயும் கைலி கைலிதானே” என்றேன்.

அவன் போனதும் ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சாணம் பொறுக்கப் போகிறவள் மாதிரி கரும்புத் தோட்டத்துக்குப் போனேன். கிப்ரியாவும் அவன் பையன்களும் நடுத் தோட்டத்தில் பொரியும் வெல்லமும் தின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்தான். தாடி வேறு வளர்த்திருந்தான்.

“அண்ணி, நீங்க ஏன் வந்தீங்க? ஆள் அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே.”

“உன்னை விருந்துக்குக் கூப்பிட வரலை. நாளைக்குக் காலையில அவங்க ஓடப் போறாங்க. ஒம்பது பேரும். அறுப்புக் கூலி வேஷம்.”

“எந்தத் துறையில?”

“துறை ஒண்ணுதானே இருக்கு. மத்த படகையெல்லாம் நீங்கதானே தண்ணிக்குள்ள முக்கி வெச்சிருக்கீங்க. மொக்லேஸ் சாச்சா படகு மட்டும்தான் ஓடுது.”

கிப்ரியாவின் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப வேலை சுலபம். நாணலுக்குள்ள உக்காந்துக்குவோம். படகு நடு ஆத்துக்குப் போகட்டும்...” என்று துப்பாக்கியைத் தட்டினான்.

“உன் அண்ணன் எங்க இருக்கார்னு பொணம் வந்து சொல்லுமா?”

அவன் துப்பாக்கியிலிருந்து கையை எடுத்தான்.

“ஒம்பதும் உயிரோட வேணும். எவனுக்கு இடம் தெரியும்னு எனக்குத் தெரியாது. அதனால ஒருத்தன்கூடச் சாகக் கூடாது.”

“அண்ணி, இது என்ன கோழி பிடிக்கிற வேலையா? ஒம்பது பேர், கையில துப்பாக்கி. பனி வேற மூஞ்சி தெரியாம கொட்டுது. நூறு அறுப்புக்காரன் நிப்பான். அதுல எவன் சிப்பாய், எவன் நம்மாளுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் ‘கையைத் தூக்கு’ன்னு கத்துறதுக்குள்ள அவன் சுட்டுருவான்.”

“மூட்டாத கைலி கட்டினவன் எல்லாம் சிப்பாய்” என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. சொன்னேன். சொல்லி முடித்ததும் பன்னிரண்டு பையன்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் பொரி புரையேறி இருமினான். கிப்ரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரும்புக்குள் உட்கார்ந்துவிட்டான்.

“அண்ணி, உங்களைத் தளபதியாப் போட்டிருக்கணும்.”

“கொடியைக் கேக்காம எடுத்துட்டுப் போனியே, அதுக்கு உன்னை உதைச்சிருக்கணும். அதை அப்புறம் வெச்சுக்கறேன். சாச்சாகிட்டச் சொல்லு, படகைக் கரையில ஏத்தக் கூடாது. முழங்கால் தண்ணியில நிறுத்தச் சொல்லு.”

மறுநாள் விடிந்து பனி மூட்டமாக இருந்தது. படகின் பாய்க்கூரைக்குள் நான், ஆம்பியா, போர்வை போர்த்திக்கொண்டு கிப்ரியாவும் ஆறு பையன்களும். மிச்சப் பையன்கள் கரையில் நாணலுக்குள். ஆம்பியாவை நான் கூப்பிடவில்லை. விஷயம் தெரிந்ததும் தானே ஏறிக்கொண்டாள். “பட்டன் பட்டன்னு உன்னைப் பேசினேனே, வந்தாவது பாக்கறேன்” என்றாள். மன்னிப்புக் கேட்பது அவளுக்கு அப்படித்தான் வரும்.

கரையில் உண்மையான அறுப்புக்காரர்கள் முப்பது பேர் முதலில் தண்ணீரில் இறங்கினார்கள். கைலியை ஒரு சுழற்றுச் சுழற்றி மேலே தூக்கி, பின்புற முனையைக் கால்களுக்கு நடுவே இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையும் சும்மா இருக்க, தலைச்சுமையோடு விறுவிறுவென்று வந்து ஏறினார்கள். பிறந்ததிலிருந்து செய்கிற வேலை, யோசிக்க வேண்டியதில்லை.

அடுத்து மேட்டிலிருந்து ஒன்பது பேர் இறங்கினார்கள். வைக்கோலில் சுற்றிய நீள மூட்டைகள் தலைமேல். நடையில் முன்பக்கம் திறந்து திறந்து மூடியது.

மொக்லேஸ் சாச்சா துடுப்பில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார், “ஏம்மா, கதவு இல்லாத வீடு ஒம்பது வருது.”

கரைக்கு வந்ததும் அவர்களில் ஒருவன் படகைக் கிட்டே கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினான். வாயைத் திறக்கவில்லை, திறந்தால் உருது வந்துவிடும்.

“தரை தட்டும் தம்பி! இறங்கி வாங்க! முழங்கால் தண்ணிதான், முழுகிட மாட்டீங்க!” என்று சாச்சா கத்தினார்.

இறங்கினார்கள். ஒரு கை தலைச்சுமைக்கு, ஒரு கை கைலிக்கு. மூட்டின கைலி என்றால் கையே வேண்டாம். மூட்டாததற்கு இரண்டு கை வேண்டும், ஒரு முனைக்கு ஒன்று. இடது முனையைப் பிடித்தால் வலது முனை ஆற்றோடு போனது. வலதைப் பிடித்தால் இடது போனது. நாலாவது அடியில் ஒருவனுடையது முழுக்க அவிழ்ந்து தண்ணீரில் மிதந்தது. உள்ளே காக்கி அரைக்கால்சட்டை. படகில் இருந்த அறுப்புக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள்.

“கையைத் தூக்கு!” என்று கிப்ரியா உருதுவில் கத்திக்கொண்டு போர்வையை உதறினான். ஏழு துப்பாக்கி முன்னால், ஆறு பின்னால் நாணலில்.

தூக்கினார்கள். தூக்கியதும் மிச்சம் எட்டுக் கைலியும் இறங்கின. பனியில் முகம் தெரியாத ஒருவன் மட்டும் இடுப்பைத் தடவினான். கைத்துப்பாக்கியைச் செருகலில் வைத்திருக்கிறான். செருகலோடு அதுவும் மதுமதிக்குள் போய்விட்டது. வைக்கோல் மூட்டைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்து முழுகின. பாகிஸ்தான் ராணுவத்தின் ஒன்பது பேர் முழங்கால் தண்ணீரில் அரைக்கால்சட்டையோடு கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அவர்களின் கைலிகள் கட்டம் கட்டமாக வங்காள விரிகுடாவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.

முதலில் சிரித்தது ஆம்பியா. அப்புறம் படகே சிரித்தது. ஒன்பது மாதமாக அந்தத் துறையில் யாரும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. நானும் சிரித்தேன், மறைக்க மாட்டேன்.

ஆனால் சிரிப்புச் சத்தம் கேட்டு ஊர் வந்தது. வந்தவர்கள் சிரிக்கவில்லை. வீடு எரிந்தவர்கள், மகளைப் பறிகொடுத்தவர்கள், அண்ணனைப் புதைத்தவர்கள். கையில் அரிவாள், மண்வெட்டி, துடுப்பு. கிப்ரியாவின் பையன்கள் ஒன்பது பேரையும் கரையில் உட்காரவைத்துச் சுற்றி நின்றார்கள். பன்னிரண்டு பேர் இருநூறு பேரை எவ்வளவு நேரம் தடுக்க முடியும்?

“கேப்டன் யாரு?” என்று கிப்ரியா கேட்டான். மீசையை எல்லோரும் மழித்திருந்தார்கள், முகத்தில் சேறு. கேட்டதற்கெல்லாம் “சிப்பாய், சிப்பாய்” என்றார்கள். சுபேதாரை எனக்குத் தெரியும். அவனைக் கேட்டபோது, “இடம் தெரியாது, கதவுச் சாவி கேப்டன் கையில, சோறு கொண்டு போனது ஓடிப்போன ரஜாக்கர்” என்று தலையைக் குனிந்துகொண்டான்.

“எல்லாரையும் எழுந்து நிக்கச் சொல்லு” என்றேன்.

நின்றார்கள். முகத்தை மழிக்கலாம், தோளை மழிக்க முடியுமா? கேப்டனுக்கு இடது தோள் வலதைவிட முக்கால் அங்குலம் இறக்கம். நாலு சட்டைக்கு நான் பஞ்சு வைத்துச் சரிபண்ணியிருக்கிறேன். ஆறாவதாக நின்றவன் எதிரில் போய் நின்றேன்.

“இவன்தான்.”

அவன் என்னையே பார்த்தான். பிறகு உருதுவில் நிதானமாக ஏதோ சொன்னான். கிப்ரியா எனக்குச் சொன்னான், “போர்க்கைதியாம். இந்திய ராணுவம் வந்ததும் அவங்ககிட்ட ஒப்படைக்கணுமாம். சட்டம் பேசறான்.”

“என் வீட்டுக்காரர் எங்கன்னு கேளு.”

“மூணு பேரையும் ஜெஸ்ஸோருக்கு அனுப்பிட்டேன்னு சொல்றான்.”

அது பொய். ஜெஸ்ஸோர்ச் சாலையில் பத்து நாளாக ஒரு வண்டியும் போகவில்லை. ஆனால் பொய் என்று நிரூபித்து எனக்கு என்ன ஆகப்போகிறது? நான் அவனுடைய கண்ணைப் பார்த்துச் சொன்னேன், கிப்ரியா அதை உருதுவில் மாற்றிச் சொன்னான்.

“இந்தியப் பட்டாளம் வர மத்தியானம் ஆகும். இந்த ஜனம் மத்தியானம்வரைக்கும் பொறுக்காது. இந்தப் பையன்களால தடுக்க முடியாது. என்னால முடியும். ஏன்னா உன்னால என் ஆள் போயிருக்கார், இந்த ஊருக்கு அது தெரியும். நான் உன் முன்னால நின்னா ஒருத்தனும் அரிவாளை ஓங்க மாட்டான். இடத்தைச் சொல்லு, நிக்கறேன். சொல்லாட்டி நான் வீட்டுக்குப் போறேன். எனக்குத் தையல் வேலை இருக்கு.”

நான் திரும்பிக் கரைமேட்டில் ஏற ஆரம்பித்தேன். கூட்டம் எனக்கு வழிவிட்டு, பின்னால் மூடிக்கொண்டது. நாலு அடி, ஐந்து அடி. ஏழாவது அடியில் பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. இந்தத் தடவை நிதானம் இல்லை.

கிப்ரியா கத்தினான், “நீலக் கோட்டை! அண்ணி, பழைய நீலக் கோட்டை!”

வெள்ளைக்காரன் காலத்தில் அவுரி காய்ச்சிச் சாயம் எடுத்த இடம் அது. ஒன்றரை மைல், புதர் மண்டி, பாம்புக்குப் பயந்து யாரும் போகாத இடம். சாவி எங்கே என்றால், செருகலில் இருந்ததாம். துப்பாக்கியோடு அதுவும் ஆற்றுக்குப் போய்விட்டது.

கொடுத்த வாக்கு வாக்குதான். நான் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன், “இவனுங்க ஒம்பது பேரும் மத்தியானம்வரைக்கும் என் பொறுப்பு. நான் திரும்பி வரப்போ ஒரு ஆள் குறைஞ்சாலும், இந்த ஊர்ல இனிமே ஒருத்தனுக்கும் ஒரு பட்டன்கூடத் தைக்க மாட்டேன். கல்யாணத்துக்கும் மாட்டேன், சவத்துக்குப் போர்த்தற கபனுக்கும் மாட்டேன்.” மொக்லேஸ் சாச்சா துடுப்பை எடுத்துக்கொண்டு வந்து அவர்களின் முன்னால் நின்றார். “போயிட்டு வாம்மா. நான் பாத்துக்கறேன்.”

ஓடினேன். கிப்ரியா, நாலு பையன்கள், நான். ஆம்பியா வழியில் தன் வீட்டுக்குள் புகுந்து நெல் குத்தும் உலக்கையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினாள். வயசு ஐம்பத்திரண்டு அவளுக்கு.

கோட்டையின் பின்பக்கம் தரையோடு தரையாக ஒரு மரக்கதவு, இரும்புப் பட்டை, புதுப் பூட்டு. உள்ளே சத்தம் இல்லை. கடைசியாகச் சோறு கொடுத்தது எப்போது என்று கேட்டுக்கொள்ளவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது. கதவில் இரண்டு கையாலும் அடித்தேன்.

“ஏங்க! நான்தான்! மனோவாரா வந்திருக்கேன்!”

ஒன்றுமில்லை. மறுபடி கத்தினேன். உள்ளே ஏதோ இழுபடுகிற சத்தம். பிறகு ஒரு குரல். நான் அறிந்த குரல் மாதிரியே இல்லை, காய்ந்த தொண்டை. ஆனால் அவர்தான்.

“அவளை விட்டுடுங்க! ஐயா, அவளை ஏன் பிடிச்சீங்க? அவளுக்கு ஒண்ணும் தெரியாது!”

என்னைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்.

“யாரும் பிடிக்கலைங்க! அவங்க போயிட்டாங்க! கிப்ரியா வந்திருக்கான்!”

அவர் காதில் அது ஏறவே இல்லை. கதவுக்குப் பக்கத்தில் வந்து கத்தினார், “கொடி நான் தைச்சதுன்னுதான் சொல்றேனே! நூறு தடவை சொல்லிட்டேனே! அவளுக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாதுங்க! அவ சோறு ஆக்கறவ! விட்டுடுங்க ஐயா!”

ஆம்பியா உலக்கையை ஓங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. என் வாழ்க்கையில் என் தையலைப் பற்றி யாராவது அப்படிப் பேசியிருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு அதை அப்படியே வாங்கிக்கொண்டேன். உலக்கையை அவள் கையிலிருந்து பிடுங்கி நானே அடித்தேன். மூன்றாவது அடியில் பட்டை பெயர்ந்தது. கிப்ரியா கதவை உதைத்தான்.

வெளிச்சம் உள்ளே விழுந்ததும் மூன்று பேரும் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். வாத்தியாரும் மீன்காரரும் சுவரோரம் கிடந்தார்கள், உயிர் இருந்தது. இவர் மட்டும் எழுந்தார். வெளிச்சத்துக்கு எதிரில் என் உருவமும், என்னைச் சுற்றித் துப்பாக்கியோடு தாடி வைத்த ஆட்களும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று அடி நடந்து வந்தார். வந்து, என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கிப்ரியாவுக்கு முன்னால் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றார்.

கிப்ரியா துப்பாக்கியைத் தரையில் வைத்தான். “அண்ணே” என்றான்.

நான் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன், “நம்ம கிப்ரியாங்க. அவங்க யாரும் இல்லை. கையை இறக்குங்க.”

“பின்னாலேயே நில்லு” என்றார். கையை இறக்கவில்லை.

நானும் அவர் பின்னாலேயே நின்றேன்.